மூளையுறைக் காசமும் ஓர் அக்காவின் கேள்வியும்

நம் மன்றத்து மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் கேட்டபோது, விண்மீன்களைப் பற்றியோ அணுவைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். அத்தகைய கட்டுரைகளுக்கு ஒரு கவர்ச்சி உண்டு. ஆனால் தாராவியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஓர் அக்கா என்னைக் கேட்ட கேள்வி அந்த எண்ணத்தை அடியோடு மாற்றிவிட்டது. நுண்ணுயிரியல் முதுகலை படிப்பவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு, அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. இப்போது எழுதுவது முழுவிடை என்று சொல்லமாட்டேன். அன்றையதைவிடச் சற்று நிறைவானது.

அக்காவின் மகளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சந்து முழுவதும் அவள் குரல்தான் கேட்கும். அப்படிப்பட்ட குழந்தை ஒரு நாள் விளையாட வரவில்லை. மாலையில் இலேசான காய்ச்சல், தலைவலி, சோற்றைக் கண்டால் வெறுப்பு. பக்கத்து வைத்தியர் ஒருவர் பித்தம் என்றார். மற்றொருவர் கண்ணாடி போட்டால் சரியாகும் என்றார். இப்படி மூன்று வாரம் கழிந்தது. பிறகு காரணமின்றி வாந்தி. தாயைக் கண்டாலே எரிச்சல். ஒரு விடியற்காலையில் இடக்கண் உட்பக்கமாகத் திரும்பியிருந்தது. கூப்பிட்டால் அரைத் தூக்கத்தில் பதில் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதுகுத் தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுத்துப் பார்த்து, மூளையின் உறையில் டி.பி. என்று சொன்னார்கள்.

குழந்தை பிழைத்து வீடு திரும்பினாள். கிருமியைக் கொல்லும் மாத்திரைகளோடு ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தனுப்பினார்கள். நான்காம் வாரத்தில் அவள் முகம் பூரிபோல உப்பிவிட்டது. மருந்து வாங்கப்போன இடத்தில் யாரோ, "இது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்தாயிற்றே" என்று சொல்லிவிட்டார்கள். அன்றிரவு அக்கா என்னிடம் வந்தார்.

"ஏ தம்பி, நீ கிருமியப் பத்திப் படிக்கிறவன்தானே? கிருமியக் கொல்லுதுக்கு மருந்து கொடுக்காவ, சரி. புள்ளைக்க ஒடம்பு அதோட சண்டை போடுத சக்தியை அடக்கவும் ஒரு மருந்து கொடுக்காவளே, அது எதுக்கு? தீப்பிடிச்ச வீட்டுல தண்ணி ஊத்துதவன் கையைக் கட்டிப்போட்ட மாதிரில்லா இருக்கு!"

கேள்வியைக் கேட்டபின்தான், இரண்டு நாளாக அந்த மாத்திரையைத் தாம் நிறுத்திவிட்டதையும் சொன்னார். அன்று மாலை முதல் குழந்தைக்கு மறுபடியும் தலைவலி.

அக்காவின் கேள்வி அறியாமையால் எழுந்ததன்று. மருத்துவ உலகமே பல ஆண்டுகள் இதே கேள்வியைக் கேட்டுத் திணறியது என்பதைப் பின்னர்தான் படித்து அறிந்தேன்.

காசநோய்க் கிருமியை 1882-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் ராபர்ட் காக் உலகுக்கு அறிவித்தார். அது பெரும்பாலும் நுரையீரலில் குடிகொள்வது. அங்கிருந்து சில கிருமிகள் குருதியில் கலந்து உடலெங்கும் பரவும். சில மூளையையும் சென்று அடையும். இரத்தத்தில் வந்த கிருமி நேரே மூளையுறையைத் தாக்குகிறது என்றுதான் முதலில் நம்பினார்கள். அமெரிக்காவில் ஆர்னால்டு ரிச், மக்கார்டக் என்னும் இருவர் 1933-இல் வேறோர் உண்மையைக் காட்டினர். கிருமிகள் மூளையின் மேற்பரப்பில் சிறுசிறு கட்டிகளாகப் பதுங்கிக் கிடக்கின்றன; திங்கள்களோ ஆண்டுகளோ கழித்து அவற்றுள் ஒன்று உடைந்து, மூளையைச் சுற்றியுள்ள நீரில் கிருமியையும் அதன் கசடையும் கொட்டுகிறது. நோய் தொடங்குவது அந்த உடைப்பிலேதான்.

உடைந்ததும் நிகழ்வது அழற்சி. இச்சொல்லைக் கேட்டு யாரும் அஞ்சவேண்டா. காலில் முள் குத்தினால் அவ்விடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்நான்கையும் செல்சுஸ் என்னும் ரோமானியர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குறித்துவைத்தார். முள்ளோடு வந்த கிருமியை எதிர்க்க உடல் தன் காவற்படையைத் திரட்டுவதன் அடையாளமே இது. இரத்தக் குழாய்கள் தளர்கின்றன. நீரும் புரதமும் வெள்ளணுக்களும் வெளியே கசிகின்றன. அணுக்கள் வேதிப்பொருள்களைச் சுரந்து மேலும் அணுக்களை அழைக்கின்றன. காலில் இவ்வாறு நடந்தால் கால் வீங்கும், நாலு நாள் நொண்டுவோம், தீர்ந்தது.

மூளையிலோ வீங்குவதற்கு இடமில்லை. மண்டையோடு எலும்பாலான மூடிய பெட்டி. அதற்குள் மூளையும், இரத்தமும், ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் தெளிந்த நீரும் இருக்கின்றன. இந்நீர் தேங்கி நிற்பதன்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் மூளையின் உள்ளறைகளில் ஊறி, குறுகிய வழிகளினூடே வெளிப்பட்டு, மூளையைச் சுற்றி ஓடி, மீண்டும் இரத்தத்தில் கலக்கிறது. காசநோயின் அழற்சியில் உண்டாகும் கசிவு கஞ்சிப் பசைபோலக் கெட்டியானது. அது மூளையின் அடிப்பாகத்தில் போய்ப் படிகிறது. மழைக்காலத்தில் மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளைக் கடந்து கல்லூரிக்குப் போகிற நண்பர்களுக்கு நான் விளக்கவே தேவையில்லை! மழை ஒருபுறம் பெய்துகொண்டே இருக்கிறது, சாக்கடை அடைத்துக்கொண்டிருக்கிறது, முழங்கால் வரை நீர். மூளைக்குள்ளும் அதுவே நிகழ்கிறது. ஊறுகின்ற நீர் ஊறிக்கொண்டே இருக்கப் போகும் வழி அடைபட்டால், உள்ளறைகள் விரிந்து மூளையை உள்ளிருந்தே நெருக்குகின்றன. தலைவலியும் வாந்தியும் மயக்கமும் இதனால் வருபவை.

இதனினும் கொடிய செயல் ஒன்றையும் அப்பசை செய்கிறது. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் முக்கிய நாளங்கள் அதே அடிப்பாகத்தின் வழியேதான் போகின்றன. பசை அவற்றைச் சூழ்ந்துகொள்ள, அழற்சி குழாய்ச் சுவருக்குள்ளும் புகுகிறது, துளை சுருங்குகிறது, இரத்தம் உறைந்து அடைக்கிறது. அந்நாளத்தை நம்பியிருந்த மூளைப் பகுதி மாள்கிறது. எட்டு வயதுக் குழந்தைக்குப் பக்கவாதம் வருவது இவ்வாறுதான். கண்ணை அசைக்கும் நரம்புகளும் அங்கேயே சிக்கிக்கொள்வதால் மாறுகண் ஏற்படுகிறது.

இவற்றையெல்லாம் ஐரோப்பாவில் மட்டுமே கண்டறிந்தார்கள் என்று எண்ணிவிடவேண்டா. நம் மும்பையிலேயே, பைகுல்லாவில் உள்ள ஜே. ஜே. மருத்துவமனையில், நரம்பு நோய்க்குறியியல் அறிஞர் தாராப் தஸ்தூரும் குழந்தை மருத்துவர் பி. எம். உதானியும் இந்நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். இந்நோயால் மாண்டவர்களின் மூளைகள் நூற்றை அவர்கள் குழுவினர் ஆய்ந்து எழுதிய கட்டுரை 1970-இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1966-இல், இருவரும் விந்தையான ஒன்றைக் குறித்தனர். காசநோயுள்ள சில குழந்தைகளுக்கு மூளையுறையில் பெரிய கேடு எதுவும் இல்லை. ஆயினும் மூளையின் உட்பகுதி வீங்கிப் பழுதுபட்டிருந்தது. கிருமியின் புரதத்துக்கு உடல் அளவு மீறி எதிர்ப்புக் காட்டியதே இதன் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். நோய் கிருமியால் மட்டும் கொல்வதில்லை, உடலின் எதிர்ப்பாலும் கொல்கிறது என்பதற்கு நம்மூர்ச் சான்று இது.

இனி மருந்துக்கு வருவோம். ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் கண்டுபிடிக்கப்படும் வரை இந்நோய் வந்தவர் பிழைத்ததாகச் சொல்வது அரிது. அம்மருந்து வந்தபின் சிலர் பிழைத்தனர். ஐசோனியசிட் முதலியன வந்தபின் மேலும் பலர் பிழைத்தனர். ஆயினும் மருத்துவர்கள் ஒன்றைக் கண்டு குழம்பினார்கள். கிருமி மடிந்துகொண்டிருக்கும்போதே நோயாளி மோசமாகிறான். காரணம் என்னவெனில், செத்த கிருமியின் சிதைவுகளும் அழற்சியைத் தூண்ட வல்லவை. பகைவன் மாண்டபின்னும் அவன் பிணத்தைக் கண்டு படை வாளைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. வாள் படுவது மூளையின்மேல்.

அதே காலத்தில் இன்னொரு மருந்து பிறந்தது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்பவர் 1948-இல், மூட்டு வாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் கொடுத்தார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பி இயற்கையாகவே சுரக்கும் பொருள் அது. ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டீன் மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் வழிவந்தவையே பிரெட்னிசோலோனும் டெக்ஸாமெத்தசோனும். பின்னதன் பெயர் 2020-ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்தில் நம் தெருக்களில்கூட அடிபட்டது.

இவை வேலை செய்யும் முறை அழகானது. கொழுப்பில் கரைபவையாதலால் அணுவின் சுவரை எளிதில் கடக்கின்றன. உள்ளே தமக்கென்றே உள்ள ஏற்பியோடு கூடிக் கருவுக்குள் நுழைகின்றன. அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் செய்யுமாறு ஆணையிடும் மரபணுக்களை அங்கே அடக்குகின்றன. கசியும் இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன; வீக்கம் வடிகிறது.

எனினும் இம்மருந்தைப் பற்றிய முதல் எச்சரிக்கைகளுள் ஒன்றே, காசநோய் உள்ளவனுக்குக் கொடுத்தால் நோய் பொங்கி எழும் என்பதுதான். தனியே கொடுத்தால் அது முற்றிலும் உண்மை. அக்காவின் அச்சம் இங்கே நூற்றுக்கு நூறு சரி. கிருமிக்கொல்லி மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதே கேள்வி. 1950-களிலேயே துணிந்த மருத்துவர்கள் சிலர் கொடுத்துப் பார்த்தார்கள். சிலர் புகழ்ந்தார்கள், சிலர் கைவிட்டார்கள். அனுபவம் பேசியதே அல்லாமல் கணக்கு பேசவில்லை.

நம் சென்னையின் பங்கையும் இங்கே சொல்லவேண்டும். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம், காசநோயாளி மலைவாசத்துக்குப் போகவேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்பதை 1959-இல் உலகுக்குக் காட்டியது. அந்நிலையத்தார், ஒன்று முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள 180 குழந்தைகளுக்கு மூளையுறைக் காசத்துக்கான மூன்று வகை மருத்துவத்தைக் கொடுத்து, அதன் விளைவை 1986-இல் வெளியிட்டனர். 100-க்கு 27 குழந்தைகள் இறந்தனர். 39 பேர் நரம்புக் குறைகளோடு பிழைத்தனர். 34 பேரே முழு நலம் பெற்றனர். நோயின் முதற்படியில் வந்தோருள் இறந்தவர் 100-க்கு 9. மூன்றாம் படியில், உணர்விழந்து வந்தோருள் இறந்தவர் 49. இவ்விரண்டு எண்களையும் படித்தபோது, பித்தம் என்றும் கண்ணாடி என்றும் நாங்கள் கழித்த மூன்று வாரம் என் நெஞ்சில் வந்து நின்றது. அந்த ஆய்வில் எல்லாக் குழந்தைகளுக்குமே முதல் சில வாரம் ஸ்டீராய்டு கொடுத்திருந்தார்கள். ஆகவே அது தனியே எவ்வளவு உதவியது என்பதை அந்தக் கணக்கிலிருந்து பிரித்தறிய வழியில்லை. கொடுக்காதவர் என ஒரு குழு இருந்தாலன்றோ ஒப்பிட முடியும்?

அத்தகைய ஒப்பீட்டைப் பெரிய அளவில் செய்தவர்கள் வியத்நாம் நாட்டினர். ஹோ சி மின் நகரில் 14 வயதுக்கு மேற்பட்ட 545 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கினார்கள். எல்லார்க்கும் காசநோய் மருந்து உண்டு. 274 பேருக்கு அதனோடு டெக்ஸாமெத்தசோன். 271 பேருக்கு மருந்தற்ற போலி. யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாது. ஒன்பது திங்கள் கழித்து எண்ணிப் பார்த்தனர். போலி பெற்றோருள் 100-க்கு 41 பேர் இறந்திருந்தனர். டெக்ஸாமெத்தசோன் பெற்றோருள் 32 பேர். 2004-இல் இது வெளிவந்தது. நூறு பேருக்குக் கொடுத்தால் ஒன்பது பத்துப் பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள் என்பது பொருள். கடுமையான பக்கவிளைவுகளும் ஸ்டீராய்டு பெற்றோரிடமே குறைவாக இருந்தன: 26 பேர், மற்றவரில் 45 பேர். பின்னர், 2016-இல், ஒன்பது ஆய்வுகளின் 1337 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கும், அதனை முன்னின்று செய்தவர்களுள் தில்லியின் காமேஷ்வர் பிரசாத் ஒருவர், இறப்பு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவதாகவே காட்டியது.

ஆனால் மகிழ்ச்சியை அளவோடு வைத்துக்கொள்வோம். உயிர் பிழைத்தவர்களுக்கு ஏற்படும் ஊனத்தை வியத்நாம் ஆய்வில் அம்மருந்து குறைத்ததாகத் தெரியவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் வியத்நாமிலும் இந்தோனேசியாவிலும் 520 பேரை வைத்துத் தனியே நடத்திய சோதனை 2023-இல் வெளிவந்தது. ஓராண்டில் இறந்தோர், ஸ்டீராய்டு பெற்றவருள் 100-க்கு 44, பெறாதவருள் 49. இவ்வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால் பயன் உண்டென்று உறுதி கூற இயலவில்லை.

ஏன் ஒருவருக்கு உதவும் மருந்து மற்றவருக்கு உதவவில்லை? இங்கே நமக்கு நெருங்கிய ஒரு பெயர் வருகிறது. நம்மைப் போலவே மேற்கு இந்தியாவில் வளர்ந்த பெண்மணி லலிதா இராமகிருஷ்ணன். 2009-இல் நோபல் பரிசு பெற்ற, சிதம்பரத்தில் பிறந்த வெங்கி இராமகிருஷ்ணனின் தங்கை. பரோடாவில் மருத்துவம் படித்து அமெரிக்கா சென்று, பின் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்து வருபவர். அவர் எடுத்துக்கொண்ட கருவி ஒரு சிறு மீன்! நம் நாட்டு ஆறுகளிலும் வயல் வாய்க்கால்களிலும் வாழும் வரிமீன். அதன் குஞ்சு கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் உடல் கொண்டது. உள்ளே கிருமியும் வெள்ளணுவும் போரிடுவதை உயிரோடு காணலாம். மீனுக்கு வரும் காசக் கிருமி மனிதக் கிருமியின் நெருங்கிய உறவு.

அவர் குழுவினர் 2010-இலும் 2012-இலும் கண்டது இது. அழற்சியின் அளவை ஆளும் நொதி ஒன்று உண்டு. அது குறைந்தால் வெள்ளணுக்களுக்குள் கிருமி கட்டற்றுப் பெருகுகிறது. அது மிகுந்தாலோ வெள்ளணுக்கள் தாமே வெடித்து மடிந்து, உள்ளிருந்த கிருமிகளை வெளியே விடுகின்றன. இரு வழியும் ஒரே குழிக்குத்தான் இட்டுச் செல்கின்றன. அதே நொதியின் மரபு வேறுபாட்டை வியத்நாம் நோயாளிகளிடம் பார்த்தபோது, அழற்சி மிகும் மரபு உடையவர்களுக்கே ஸ்டீராய்டு பெரிதும் பயன்பட்டதாகத் தோன்றியது. நல்ல கதை இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் இந்தோனேசியாவில் 608 நோயாளிகளைப் பார்த்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில் அத்தொடர்பு தென்படவில்லை. அறிவியலில் இது அவமானமன்று. ஓர் ஊரில் கண்டதை எல்லா ஊருக்கும் சட்டமாக்கக் கூடாது என்பதை நினைவூட்டுவது. தாராவிக் குழந்தைகளின் மரபை வைத்து மருந்து கொடுக்கும் நாள் இன்னும் வரவில்லை.

ஆகவே இப்போதைக்கு, காசநோய் மருந்துகளோடு ஆறு முதல் எட்டு வாரம் வரை ஸ்டீராய்டு கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பதே வழக்கம். உலக நல நிறுவனத்தின் பரிந்துரையும் இதுவே. காசநோய் மருந்து பெரும்பாலும் ஓராண்டு தொடரும். முகம் உப்புதல், பசி மிகுதல், சர்க்கரை ஏறுதல், வயிற்றுப் புண், குணத்தில் மாறுதல் எல்லாம் ஸ்டீராய்டால் வரக்கூடும். உப்பிய முகம் மருந்து குறையக் குறைய வற்றிவிடும். காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டி ஸ்டீராய்டை விரைவாகச் சிதைத்துவிடுகிறது என்பதும் மருத்துவர்கள் கணக்கில் கொள்வதே. பலருக்குத் தெரியாதது வேறொன்று: வெளியிலிருந்து தாராளமாக வந்துகொண்டிருக்கும் பொருளை உடல் தானே சுரப்பதை நிறுத்திவிடுகிறது. சுரப்பி உறங்கிப்போகிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், சுரப்பி விழிப்பதற்குள் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே கேடு வரலாம். அடங்கியிருந்த மூளை வீக்கமும் மீண்டும் தலைதூக்கும். படிப்படியாகக் குறைப்பது இதனால்தான்.

அன்றிரவு இவ்வளவும் எனக்குத் தெரியாது. தெரிந்தது நிறுத்தக்கூடாது என்பது மட்டுமே. "அக்கா, தண்ணி ஊத்துதவன் கையைக் கட்டல. நாலு பேர் ஊத்தவேண்டிய எடத்துல நானூறு பேர் நொழைஞ்சு சுவரை இடிக்காவ, அவங்களத்தான் வெளிய நிறுத்துதாவ" என்றேன். அவருக்கு நம்பிக்கை வந்ததா என்று தெரியவில்லை. ஆனாலும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டார். தொண்ணூறடி ரோட்டில் ஆட்டோ பிடித்தோம். பணியிலிருந்த இளம் மருத்துவர் அக்காவைக் கடிந்துகொள்ளவில்லை; "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று இந்தியில் கேட்டு, விடையை முழுதும் கேட்டார். பிறகு, எந்த வாரம் எத்தனை மாத்திரை என்பதை ஒரு தாளில் வட்டங்களாக வரைந்து கொடுத்தார். எழுத்தறியாத தாய்க்கு அதைவிடச் சிறந்த விளக்கம் என்னால்கூடத் தர முடிந்திருக்காது.

பி.சி.ஜி. பற்றி ஒரு வார்த்தை. அக்காவின் மகள் பிறந்தது திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரில். பிறந்த மூன்றாம் திங்கள் மும்பை வந்தாள். ஊசி போட்ட அடையாளம் கையில் இல்லை. ஊரில் போடுவார்கள் என்று இங்கேயும், மும்பையில் போடுவார்கள் என்று அங்கேயும் இருந்துவிட்டார்கள். 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரும் ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்று காட்டியது உண்மை. அதனால் அது வீண் என்று கருதுவோர் நம் மாணவரிடையேயும் உண்டு. ஆனால் குழந்தைகளின் மூளையுறைக் காசத்தைத் தடுப்பதில் அது பயனுள்ளது என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் உறுதிப்பட்டது. ஊருக்கும் மும்பைக்கும் இடையே பிறக்கும் நம் குழந்தைகள்தாம் இத்தகைய ஊசிகளைத் தவறவிடுகிறார்கள்.

மாத்திரைத் தாளில் கடைசி வட்டம் சென்ற மாதம் முடிந்தது. முகம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. இடக்கண் இன்னும் சற்று உள்ளே திரும்பித்தான் நிற்கிறது. கண் மருத்துவர் ஆறு திங்கள் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். பள்ளியில் ஓராண்டு பின்தங்கியதில் அவளுக்குப் பெருங்கோபம். காசநோய் மாத்திரை இன்னும் ஏழு திங்கள் உண்டு. ஒவ்வொரு காலையும் வெறும் வயிற்றில் அதை விழுங்கிவிட்டு, எங்கள் வாசலில் வந்து நின்று, நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுப் போகிறாள்.